சிபேப் ஒத்துக்கலன்னா அடுத்து என்ன? டோம்பிவ்லியிலருந்து ஒரு அனுபவம்

நான் டாக்டர் இல்லீங்க. மும்பை பரேல்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீடு டோம்பிவ்லி ஈஸ்ட். ஸ்லீப் ஆப்னியான்னு, அதாவது தூக்கத்துல தொண்டை மூடி மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதின்னு ரிப்போர்ட் வந்து, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அந்தப் பாதையைத் திறந்து வைக்கிற சிபேப் மெஷின் வாங்கி, அது ஒத்துக்காம போயி, வேற என்ன வழி இருக்குன்னு அலைஞ்சதுல ஒன்றரை வருஷம் ஓடிருச்சு, பணம் ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல போச்சு. அதுல பாதி செலவே பண்ணியிருக்க வேண்டாம்னு இப்ப தெரியுது, அப்ப அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கல. மெஷின் விக்கிறவர் மெஷினைத்தான் சொல்வாரு, ஆபரேஷன் பண்றவர் ஆபரேஷனைத்தான் சொல்வாரு, ஆன்லைன்ல பாத்தா முந்நூறு ரூபா கிளிப்புலயே எல்லாம் சரியாயிரும்னு இருக்கும். நடுவுல மாட்டுறவன் பாடு திண்டாட்டம். அதான் நடந்ததை வரிசையா எழுதுறேன், நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

மும்பையில இந்த வியாதி வெளிய தெரியவே தெரியாது. ஏன்னா லோக்கல் ட்ரெயின்ல தூங்காதவன் எவன் இருக்கான்? நின்னுக்கிட்டே தூங்குறான், அடுத்தவன் தோள்ல சாஞ்சு தூங்குறான். சாயந்தரம் பத்லாப்பூர் ஃபாஸ்ட்ல உக்கார இடம் கிடைச்சா தாதர் தாண்டுறதுக்குள்ள எனக்கு கண்ணு சொருகிரும், டோம்பிவ்லி போறது தெரியாது, கல்யாண் போறது தெரியாது, அம்பர்நாத்ல யாராவது தட்டி எழுப்பினா உண்டு. ட்ரெயின் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிப்பாங்க, "அண்ணா வந்தா அலாரம் வச்சிக்கோங்கப்பா"ன்னு. நானும் வேலைக் களைப்புன்னுதான் நெனச்சேன். அம்மாவைக் கேட்டா, "உங்க அப்பாவும் இப்டித்தாம்ல குறட்டை விடுவாரு, நல்லா தூங்குறவனுக்குத்தான் குறட்டை வரும்"னு ஒரே போடு. ஆனா அப்பா ஐம்பத்தி சொச்சத்துல தூக்கத்துலயே போயிட்டாரு, அதை யாரும் இதோட சேத்துப் பாக்கல.

கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரிதான். குறட்டை அவளுக்குப் பழகிப்போச்சு, பயமுறுத்தினது குறட்டை நிக்கிற அந்த இடம். சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணுமே இருக்காது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது, அப்புறம் தண்ணிக்குள்ள முங்கினவன் மேல வர்ற மாதிரி ஒரு இழுப்பு. ஒரு நாள் ராத்திரி அதை போன்ல வீடியோ எடுத்து காலையில காமிச்சா, என்னால முழுசா பாக்க முடியல. இதை ஏன் சொல்றேன்னா, டாக்டர்ட்ட போறப்போ அந்த வீடியோவைக் கொண்டு போங்க, "குறட்டை வருது டாக்டர்"னு நூறு தடவ சொல்றதுக்கு அது சமம். கூடவே காலையில எந்திரிக்கும்போது தலைவலி, ராத்திரி ரெண்டு மூணு தடவ யூரின் போக எந்திரிக்கிறது, மாத்திரை கூட்டியும் எறங்காத பிபி, இதெல்லாம் இருந்தா தனித்தனியா மூணு டாக்டர்ட்ட ஓடாம எல்லாத்தையும் ஒரே இடத்துல சொல்லுங்க. எனக்கு பிபி மாத்திரை டோஸ் ஏத்திக்கிட்டே போனாங்க, தூக்கம் எப்படின்னு ஒருத்தரும் கேக்கல.

டெஸ்ட் வீட்டுக்கே வந்து பண்ணாங்க, ஏழாயிரம் ரூபா. மூக்குல ஒரு சின்ன குழாய், நெஞ்சுல பெல்ட், விரல்ல ஆக்ஸிஜன் கிளிப், அவ்ளோதான். லேப்ல படுக்க வச்சு மூளை அலையெல்லாம் சேத்துப் பாக்குற பெரிய டெஸ்ட்டும் இருக்கு, அதுக்கு இன்னும் செலவு. ரிப்போர்ட்ல ஏஹெச்ஐன்னு ஒரு நம்பர் வரும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவ மூச்சு பத்து செகண்டாவது நிக்குது இல்ல ரொம்ப குறையுதுங்கிற கணக்கு. 5-க்கு கீழ நார்மல், 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல போனா கடுமை. எனக்கு 24, ரத்தத்துல ஆக்ஸிஜன் 81% வரைக்கும் இறங்கியிருந்துச்சு. டாக்டர் முதல் பக்கத்தைப் பாத்தாரு, சிபேப்னு எழுதினாரு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

அந்த ரிப்போர்ட்டோட மூணாவது பக்கத்துல ஒரு சின்ன டேபிள் இருந்துச்சு. மல்லாக்க படுத்தா ஏஹெச்ஐ 41, ஒருக்களிச்சுப் படுத்தா 9. இந்த ஒரு வரிதான் என் கதையையே மாத்தப் போற வரி, ஆனா ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு டாக்டர் விரல் வச்சுக் காட்டுற வரைக்கும் அது பீரோவுக்குள்ள ஃபைல்ல தூங்கிட்டு இருந்துச்சு. உங்க ரிப்போர்ட் கையில இருந்தா இதைப் படிச்சு முடிச்சதும் முதல்ல அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்க.

சரி, மெஷின். அதே வாரம் 52,000 குடுத்து, பிரஷரைத் தானே கூட்டிக் குறைச்சுக்கிற ஆட்டோ சிபேப் ஒண்ணு வாங்கினோம், இஎம்ஐல. மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல கேட்டா கிடையாதுன்னுட்டாங்க, அதனால உங்க பாலிசியில தனியா சேத்திருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. எங்க வீடு ஒன் பிஹெச்கே, ஹால்ல அம்மா, ரூம்ல நாங்களும் பொண்ணும். முதல் நாள் ராத்திரி மாஸ்க்கை மாட்டிப் படுத்தேன், மூக்கையும் வாயையும் மூடுற பெரிய மாஸ்க், மீசைப் பக்கம் காத்து ஒழுகி உஸ்ஸுன்னு சத்தம். கொஞ்ச நேரத்துல ஹால்லருந்து அம்மா லைட்டைப் போட்டுக்கிட்டு வந்து, "ஏல, கேஸ் லீக் ஆவுது, ஸ்விட்ச்சைத் தொடாத"ன்னு கத்துறாங்க. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, மூக்கை வச்சு அடுப்பை மோந்து பாத்து, கடைசியில சத்தம் என் மூஞ்சியிலருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. சிரிச்சோம். ஆனா அந்த சிரிப்பு ஒரு வாரம் தாங்கல.

காத்தை முழுங்கி முழுங்கி காலையில வயிறு பலூன் மாதிரி இருக்கும், மூக்குத் தண்டுல புண்ணு, நடு ராத்திரியில மூச்சு முட்டுற மாதிரி பயம் வந்து தூக்கத்துலயே பிச்சு எறிஞ்சிருப்பேன், கரண்ட் போனா அது வேற. கடைக்காரருக்கு போன் பண்ணா "பழகிரும் சார்"தான். ரெண்டு மாசம் தள்ளினேன், அப்புறம் பெட்டியில போட்டு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். இப்ப தெரிஞ்ச விஷயம், மெஷின் ஒத்துக்கலன்னு சொல்றவங்க நிறைய பேருக்கு உண்மையில ஒத்துக்காதது மாஸ்க்தான். மூக்கு ஓட்டைக்குள்ள மட்டும் வைக்கிற சின்ன பில்லோ மாஸ்க் இருக்கு, மீசைக்காரங்களுக்கு அது எவ்வளவோ தேவலை. பிரஷரை மெதுவா ஏத்துற ராம்ப் செட்டிங் இருக்கு. காத்து வயித்துக்குள்ள போனா பிரஷரைத் திரும்பப் பாக்கணும். மெஷினை மாச வாடகைக்கும் தர்றாங்க, ரெண்டு மாசம் வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு வாங்கலாம். இதுல ஒண்ணு கூட எனக்கு அப்ப யாரும் சொல்லல. செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க மாடலைப் பாத்து வாங்குங்க, உள்ள இருக்கிற ஃபோம் பொடிஞ்சு மூச்சுல போகலாம்னு 2021 ஜூன்ல பிலிப்ஸ் தன்னோட பழைய மாடல்கள் நிறையத்தை திரும்பக் கூப்பிட்டாங்க, அதெல்லாம் இன்னும் எங்கயாவது கைமாறிட்டு இருக்கலாம்.

மெஷின் கெட்டதுன்னு நான் சொல்லவே வரல. எங்க ஆபீஸ்ல ஒரு மராட்டிக்காரர், அவருக்கு ஏஹெச்ஐ 60-க்கு மேல, மெஷின் மாட்டின மறுநாளே புது ஆளா வந்தாரு. அந்த மாதிரி கடுமையா இருக்கிறவங்க, ஹார்ட் பிரச்சனை இருக்கிறவங்க, வண்டி ஓட்டுற வேலையில இருக்கிறவங்க, தயவு செஞ்சு என் கதையைப் படிச்சுட்டு மெஷினைக் கழட்டி வைக்காதீங்க. மாத்து வழி வேலை செய்யுதுன்னு டெஸ்ட்ல நிரூபணமாகுற வரைக்கும் மெஷின்தான்.

நான் அந்த மாதிரி நிதானமா எல்லாம் யோசிக்கல, கடுப்புல ஆன்லைன்ல கண்டதையும் வாங்கினேன். மூக்குல ஒட்டுற ஸ்ட்ரிப், காந்தம் வச்ச கிளிப், தாடையைத் தூக்கிக் கட்டுற பெல்ட் (அதைக் கட்டிக்கிட்டு படுத்திருந்தப்போ பொண்ணு பாத்துட்டு பல்லு வலியாப்பான்னு கேட்டா), வாயில ஒட்டுற டேப், வெந்நீர்ல போட்டு கடிச்சு அச்சு எடுத்து பல்லுல மாட்டுற பிளாஸ்டிக் கார்டு. எல்லாம் சேத்து எட்டாயிரம் கிட்ட. வாய் டேப் மட்டும் யாரும் வீட்ல சோதிச்சுப் பாக்காதீங்க. எனக்கு மூக்குத் தண்டு வளைஞ்சிருக்குன்னு பின்னாடி சிடி ஸ்கேன்ல தெரிஞ்சுது, மூக்கும் அடைச்சு வாயையும் ஒட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுல ஒரு ஏமாத்து வேலை நடந்துச்சு, யாரும் ஏமாத்தல, உடம்பே ஏமாத்துச்சு. அந்த பிளாஸ்டிக் கார்டு போட்டப்போ குறட்டை பாதி குறைஞ்சுது, போன்ல குறட்டை ஆப் பச்சைக் கலர்ல நல்ல மார்க் போடுது, வீட்டுக்காரியும் நிம்மதியா தூங்குறா. ஆனா எனக்கு பகல்ல அதே தூக்கம், அதே தலைவலி, ட்ரெயின்ல அதே அம்பர்நாத். அப்புறம்தான் ஒரு டாக்டர் சொன்னாரு, சத்தம் வர்றது சதை ஆடுறதுனால, மூச்சு நிக்கிறது பாதை மூடுறதுனால, பாதை முழுசா மூடினா சத்தமே வராதே சார்னு. குறட்டை நின்னா வியாதி நின்னுச்சுன்னு அர்த்தம் கிடையாது. எந்த மாத்து வழிக்குப் போனாலும், அதைப் போட்டுக்கிட்டே மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்தாதான் கணக்கு. இதை மட்டும் யாராவது விக்கிறப்பவே சொல்லியிருந்தா எனக்கு பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்தது ஆபரேஷன் படலம். ஒரு கிளினிக்ல அண்ணாக்கு சதையை (வாயோட மேல்பக்கம் பின்னாடி இருக்கிறது) லேசர்ல எடுத்துடலாம், ஒன்னரை லட்சம், இந்த மாசத்துக்குள்ள பண்ணா டிஸ்கவுன்ட்னு சொன்னாங்க, புடவைக் கடை ஆடித் தள்ளுபடி தோத்துச்சு. டார்ச் அடிச்சு வாயைத் திறந்து பாத்தாங்க, அவ்ளோதான் பரிசோதனை. வீட்டுக்காரி நகையை எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னா, அன்னிக்கு ராத்திரி ரொம்ப அழுகையா வந்துச்சு. நல்ல வேளையா மச்சான் ஒருத்தர் சயன்ல ஒரு வயசான ஈஎன்டி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு. அவர் முதல்ல கேட்டதே, "எந்த இடத்துல மூடுதுன்னு பாத்தாங்களா?" முழிச்சிருக்கும்போது தொண்டையைப் பாத்தா அது தெரியாதாம், மயக்க மருந்து குடுத்து தூங்க வச்சு, மூக்கு வழியா கேமரா விட்டு, அண்ணாக்கா, பக்கவாட்டு சதையா, நாக்கோட அடிப்பாகமா, குரல்வளை மூடியான்னு பாக்கணும். ஸ்லீப் எண்டோஸ்கோப்பின்னு பேரு. 18,000 ஆச்சு. நான் பண்ண செலவுலயே நெஞ்சு கோணாம சொல்றேன், இதுதான் உருப்படியான செலவு.

பாத்ததுல என் அண்ணாக்குல பெரிய பிரச்சனை இல்ல, மல்லாக்க படுத்தா நாக்கு அடி பின்னாடி விழுந்து அடைக்குது, தாடையைக் கையால லேசா முன்னாடி தள்ளினா பாதை திறந்துக்குது. அப்போதான் அவர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி அந்த மூணாவது பக்கத்தைக் காட்டினாரு. அண்ணாக்கை வெட்டியிருந்தா பணம் போயி, ரெண்டு வாரம் எச்சி முழுங்க முடியாம கிடந்து, நாக்கு அங்கேயேதான் விழுந்துக்கிட்டு இருந்திருக்கும். லேசர் இல்லாம கத்தியால பண்ற அண்ணாக்கு ஆபரேஷனை ஆப்னியாவுக்குப் பண்ணதைப் பத்தி எழுதினதும், சிட்னியில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் சிபேப் பத்தி எழுதினதும் ஒரே வருஷம், 1981-ன்னு அவர் சொன்னாரு. சரியான ஆளுக்குப் பண்ணா நல்லது, எல்லாருக்கும் பண்ற ஆபரேஷன் இல்லன்னாரு. மூக்குத் தண்டையும் கேட்டேன், அதை நேராக்கினா மூச்சு சுகமா வரும், மெஷின் மாட்டவும் வசதி, ஆனா அது மட்டுமே ஆப்னியாவைத் தீர்க்காதுன்னு நேராவே சொல்லிட்டாரு.

அப்புறம் ரெண்டு வழியில போனேன். ஒண்ணு ஒருக்களிச்சுப் படுக்கிறது. அம்மா பழைய ப்ளவுஸ் துணியில ஒரு பை தச்சு, பனியனோட முதுகுல, தோள்பட்டை எலும்பு ரெண்டுக்கும் நடுவுல வச்சு தச்சுக் குடுத்தாங்க, உள்ள ஒரு டென்னிஸ் பால். திரும்பினா குத்தும், தானா ஒருக்களிச்சிரும். பால் கொஞ்சம் கீழ இருந்தா இடுப்பு வலிக்கும், இடத்தைப் பாத்துத் தைக்கணும், பை வாயில பட்டன் வைக்கணும் இல்லன்னா பால் கட்டிலுக்கு அடியில ஓடிரும். செலவு நூறு ரூபா கூட இல்ல. மும்பை வேர்வையில பனியன் தினம் தோய்க்கணும், அதான் தொல்லை. நாள்பட நிறைய பேர் இதை விட்டுடுவாங்கன்னு டாக்டரே சொன்னாரு, அதனால இதை மட்டும் நம்பி இருக்கல.

ரெண்டாவது, தாடையை முன்னாடி பிடிச்சு வைக்கிற கருவி. ஆன்லைன்ல வாங்கின பிளாஸ்டிக் இல்ல, பல் டாக்டர் அளவெடுத்து மேலயும் கீழயும் தனித்தனியா செஞ்சு ஸ்க்ரூ வச்சு இணைக்கிறது. 34,000. எடுத்த எடுப்புல முழுசா தள்ள மாட்டாங்க, தாடையை எவ்வளவு முன்னாடி கொண்டு வர முடியுமோ அதுல பாதி கிட்ட ஆரம்பிச்சு, அப்புறம் ஒரு குட்டி சாவியால வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்கணும். முதல் மாசம் காதுக்கு முன்னாடி வலி, தலகாணி பூரா எச்சி, காலையில கடிச்சா மேல் பல்லும் கீழ் பல்லும் சேரவே சேராது, சப்பாத்தியை முன் பல்லால பிக்க முடியாது. அதுக்கு ஒரு சின்ன கட்டை குடுத்தாங்க, எந்திரிச்சதும் பத்து நிமிஷம் கடிச்சுக்கிட்டு இருந்தா தாடை பழைய இடத்துக்கு வந்துரும். அந்த பத்து நிமிஷம் அம்மா ஊர்க்கதை பேசுவாங்க, என்னால பதில் சொல்ல முடியாது, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

பல் டாக்டரைத் தேடுறப்போ சில விஷயம் பாத்துக்கோங்க. ஸ்லீப் ரிப்போர்ட்டைக் கேக்காம அளவெடுக்க வந்தா எந்திரிச்சு வந்துடுங்க. ஈறு, பல்லு பலம், தாடை மூட்டு மூணையும் பாக்கணும், நிறைய பல்லு இல்லாதவங்களுக்கும் தாடை மூட்டு வலி இருக்கிறவங்களுக்கும் இது சரிப்படாது. லேசு, நடுத்தரம் இருக்கிறவங்களுக்குத்தான் இது நல்லா கேக்கும், வருஷக்கணக்குல போட்டா பல்லு லேசா நகரவும் செய்யும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்க காட்டணும். இதெல்லாம் வாய் விட்டு சொல்ற டாக்டர்தான் எனக்கு சரின்னு பட்டுச்சு.

எடை பத்தியும் சொல்லிடறேன். 10% எடை குறைஞ்சா ஏஹெச்ஐ கால்வாசி கிட்ட குறையும்னு 2000-லயே ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, கூடினா அதைவிட வேகமா கூடும். நான் ராத்திரி பதினோரு மணிக்கு சாப்பிடுறதை நிறுத்தி, சாயந்தரம் தாதர்ல வாங்குற வடாபாவை நிறுத்தி, ஆறு கிலோ குறைச்சேன், அதுக்கு மேல இறங்க மாட்டேங்குது. எடை குறைக்கிற மவுஞ்சாரோங்கிற ஊசி 2025 மார்ச்ல இங்க வந்துச்சு, அதே மருந்துக்கு அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல உடல்பருமனோட ஆப்னியா இருக்கிறவங்களுக்குன்னே அனுமதி குடுத்தாங்க. எனக்கு அந்த அளவு எடை இல்லன்னு டாக்டர் எழுதல. நம்ம ஆளுங்கள்ல ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் சின்ன தாடையால இது வருதாம், அதனால தொப்பை இல்லையேன்னு டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க. நாக்கு நரம்புக்கு கரண்ட் குடுக்குற கருவியை நெஞ்சுல பதிக்கிறதும் இருக்கு, அமெரிக்காவுல 2014-லயே அனுமதி ஆயிருச்சு, அந்த விலையெல்லாம் நம்ம பக்கம் வர்ற விலை இல்ல. நாக்கு, தொண்டைப் பயிற்சி நான் ட்ரெயின்ல பண்ணிப் பாத்தேன், பிரேசில்ல 2009-ல நடுத்தர ஆப்னியாக்காரங்களை வச்சு சோதிச்சப்போ மூணு மாசத்துல நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா எதிர்ல உக்காந்திருந்த அம்மா நான் நாக்கைத் துருத்துறதைப் பாத்து இடம் மாறிப் போனப்புறம் வீட்டோட வச்சுக்கிட்டேன். ராத்திரி தண்ணி போடுற பழக்கமும் தூக்க மாத்திரையும் தொண்டைச் சதையை இன்னும் தளத்தும், அதை விடாம வேற எது பண்ணியும் புண்ணியம் இல்ல.

தாடைக் கருவியைப் போட்டுக்கிட்டு, பனியன் பாலோட, மறுபடியும் அதே ஏழாயிரம் ரூபா டெஸ்ட் எடுத்தோம். ஏஹெச்ஐ 7, ஆக்ஸிஜன் 89-க்கு கீழ போகல. நார்மல்னு சொல்ல முடியாது, ஆனா 24 எங்க 7 எங்க. பிபி மாத்திரையில ஒண்ணைக் குறைச்சிருக்காங்க, காலைத் தலைவலி போயிருச்சு, ராத்திரி எந்திரிக்கிறதும் ஏறக்குறைய நின்னுருச்சு. ட்ரெயின்ல இன்னும் தூங்குறேன், அது மும்பை வியாதி. மெஷினை பாதி விலைக்குக் கேட்டாங்க, விக்கல. சின்ன பில்லோ மாஸ்க் ஒண்ணு 4,500-க்கு வாங்கி வச்சிருக்கேன், பல்லு வேலை ஏதாவது வந்து கருவியைப் போட முடியாத நாள்ல அதை மாட்டிக்கிறேன், அம்மாவும் இப்ப சிலிண்டரைப் போயி பாக்குறதில்ல. அடுத்த டெஸ்ட் தீபாவளிக்கு அப்புறம் எடுக்கச் சொல்லியிருக்காங்க, எடை மறுபடி ஏறியிருந்தா கருவியை இன்னும் ரெண்டு திருப்பு திருப்பணுமாம்.